ரொறன்ரோவில் நேராக வரும் ஓரியன் ஒட்டுசுட்டானில் ஏன் ஓரம் வளைகிறது? ஸ்மார்ட் தொலைநோக்கி தொடங்குவோருக்கான உதவி தேவை

ஒட்டுசுட்டான் ரீச்சர்

வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அருகில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மார்கழியில் ஊருக்கு வந்த என் தம்பி, "பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் அக்கா" என்று கைத்தொலைபேசிச் செயலியால் இயங்கித் தானே படமெடுக்கும் ஒரு சீஸ்டார் எஸ்50 தொலைநோக்கியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அவன் இருப்பது ரொறன்ரோவில். அவனிடமும் இதே கருவி உண்டு. வீட்டுப் பின்முற்றத்தில் எடுத்த ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் படத்தை அனுப்பினான். தெருவிளக்குகளுக்கு நடுவில் எடுத்தும் நட்சத்திரங்கள் மூலைவரை புள்ளி புள்ளியாக நிற்கின்றன.

எங்கள் வானம் அவனுடையதைவிட எவ்வளவோ இருட்டு. மழை ஓய்ந்து, தைப் பிற்பகுதியிலிருந்து முகிலில்லாத இரவுகளும் கிடைக்கின்றன. இரவு 8 மணியளவில் செயலியில் ஓரியன் நெபுலாவைத் தெரிவுசெய்து அரை மணி நேரம் விட்டேன். நடுவில் நெபுலா அழகாகவே வந்தது. ஆனால் ஓரத்து நட்சத்திரங்கள் சிறு வில்லாக வளைந்திருக்கின்றன. மூலைகள் கரடுமுரடாகி, படத்தை வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது. முக்காலியைச் செயலி சொன்னபடி மட்டம் பார்த்துத்தான் வைத்தேன். அடுத்த இரவும் இதேபோலத்தான் வந்தது.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. தொலைநோக்கியின் வைஃபையில் இணைந்து சிறிது நேரத்தில் என் கைத்தொலைபேசி தானாக விலகிப் போகிறது. பாடசாலை மைதானத்தில் சிக்னல் மிகக் குறைவு. இணையம் இல்லாமல் செயலி வேலை செய்யுமா? கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை இதில் இல்லை என்று பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. 10ஆம், 11ஆம் தரத்துப் பிள்ளைகள் சனியின் வளையத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரணைமடு இடதுகரை

ரீச்சர், உங்கள் கருவியிலும் குறையில்லை, நீங்கள் வைத்த விதத்திலும் குறையில்லை. நீங்கள் ஓரியனைப் பிடித்த நேரம்தான் காரணம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. "பொருள் உச்சிக்கு வரும்போது எடுங்கள்" என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. நாங்கள் இருப்பது வட அகலக்கோடு 9 பாகையில். எங்கள் வானம் வேறு விதமாக நகர்கிறது.

இந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு அசைவுகள்தான் தெரியும்: இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழும் ஏறி இறங்கும். பொருளை நடுவில் பிடித்து வைக்க அது போதும். ஆனால் வானமோ ஒரு அச்சைச் சுற்றுவதால், பிடித்த சட்டத்துக்குள் படம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஓரியனை வெறுங்கண்ணால் ஒரு இரவு முழுக்கக் கவனியுங்கள். கிழக்கே எழும்போது ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். மேற்கே இறங்கும்போது மறுபக்கமாகப் படுத்துவிடும். அந்தத் திருப்பத்தில் பாதிக்கு மேல், அது எங்கள் தலைக்கு மேலே கடக்கும் 2 மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. மாசி நடுவில் இரவு 8 மணி என்பது சரியாக அந்த நேரம்.

கணக்கையும் எழுதுகிறேன், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஓரியன் நெபுலா வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 5 பாகைக்குச் சற்று அதிகமான இடத்தில் இருக்கிறது. எனவே எங்களுக்கு அது ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் உச்சம் கடக்கும். அந்த நேரத்தில் படம் திரும்பும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 58 பாகை. ரொறன்ரோவில் அதே நெபுலா 41 பாகை உயரம்தான் ஏறும். அங்கே உச்சம் கடக்கும்போது திரும்பும் வேகம் மணிக்கு 14 பாகை. உங்கள் தம்பியின் படத்தில் மூலைகள் நேராக இருப்பதன் காரணம் இதுதான். கருவி 10 செக்கன் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. இங்கே அப்படி ஒவ்வொரு படத்திலும் ஓரத்து நட்சத்திரம் சில படப்புள்ளிகள் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது.

அதே நெபுலாவை இரவு பத்தரைக்குப் பிறகு, மேற்கே 45 பாகை அளவில் சாய்ந்திருக்கும்போது எடுங்கள். திரும்பும் வேகம் மணிக்கு 7 பாகையாகக் குறைந்துவிடும். எங்கள் அகலக்கோட்டில் நேர் கிழக்கும் நேர் மேற்கும்தான் இந்தக் கருவிக்கு உகந்த திசைகள். உயரம் 30 இலிருந்து 60 பாகைக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் புழுதியும் ஈரமும் குறுக்கிடும். இந்த மாதத்தில் காலபோக அறுவடைப் புழுதி வேறு சேர்ந்துகொள்கிறது. எங்கள் பக்கத்தில் அறுவடை இயந்திரங்கள் இரவிலும் விளக்குப் போட்டு ஓடுகின்றன. அவை ஓடும் திசைக்கு முதுகைக் காட்டி வையுங்கள்.

கைத்தொலைபேசி விலகுவதற்கு வருவோம். தொலைநோக்கி தரும் வைஃபையில் இணையம் கிடையாது. அதைக் கண்ட தொலைபேசி, "இந்த இணைப்பால் பயனில்லை" என்று முடிவெடுத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பில் இருக்கவா என்று அது கேட்கும்போது ஆம் என்று அழுத்துங்கள். பார்வை முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மின் சேமிப்பு முறையையும் நிறுத்துங்கள். புளூடூத்துக்கும் இருப்பிடத்துக்கும் செயலி கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட வேண்டும். இருப்பிடம் தெரியாவிட்டால் எந்தப் பொருள் எங்கே நிற்கிறது என்று அதனால் கணிக்க முடியாது.

மைதானத்தில் இணையம் தேவையில்லை. புதுப்பிப்புகளை மட்டும் வீட்டிலோ, நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ முடித்துக்கொண்டு போங்கள். படங்கள் கருவியின் உள்ளேயே சேமிக்கப்படும். 64 ஜிபி இடம் இருக்கிறது. ஒரு தொலைபேசி கருவியை இயக்கும்போது, மற்றவர்களும் தங்கள் தொலைபேசியில் செயலியை நிறுவி அதே படத்தைப் பார்க்கலாம். செயலியை முதல் நாளே தரவிறக்கி வரச் சொல்லுங்கள்.

திசைகாட்டி அளவீட்டின்போது தகரக் கொட்டில், மோட்டார் சைக்கிள், தண்ணீர்ப் பம்பி இவற்றுக்குத் தள்ளி நில்லுங்கள். இரும்பு அருகில் இருந்தால் வடக்கு எது என்பதில் கருவி தடுமாறும். பிறகு அது வானத்தைப் படமெடுத்து, தன்னிடமுள்ள நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் முதலில் தடுமாறிவிட்டால் பொருளைப் பிடிக்க நேரம் எடுக்கும்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இரவு 9 மணியளவில் தெற்கே பாருங்கள். 21 பாகை உயரத்தில் கரீனா நெபுலா நிற்கும். இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கல் திட்டாகத் தெரியும். வைகாசியில் அதே நேரத்தில் ஒமேகா செந்தூரி தெற்கே 33 பாகைக்கு ஏறும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்டிருக்கும் கொத்து அது. இவை இரண்டும் ரொறன்ரோவின் அடிவானத்துக்கு மேல் ஒருநாளும் எழுவதில்லை. இவற்றை எடுத்து உங்கள் தம்பிக்கு அனுப்புங்கள் ரீச்சர். தெற்கு வானம் எங்களுக்கு வாய்த்த சொத்து. அதைப் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி நேற்று இரவு பத்தரைக்குப் பிறகு எடுத்தேன். மூலையில் இருந்த நட்சத்திரங்கள் வட்டமாகவே இருக்கின்றன. தம்பி இன்னொரு யோசனை சொல்கிறான். செயலியில் அச்சுமுறைத் தொடரல் என்று ஒன்று வந்திருக்கிறதாம், முக்காலியைச் சாய்த்து வைத்தால் படம் திரும்பவே திரும்பாதாம். அதைச் செய்து பார்க்கலாமா?

இரணைமடு இடதுகரை

செய்யலாம், ஆனால் பிள்ளைகள் சுற்றி நிற்கும் இரவில் வேண்டாம். அந்த முறையில் தொலைநோக்கியின் அடித்தட்டு வானத்தின் வடமுனையை நோக்கிச் சாய வேண்டும். ரொறன்ரோவில் வடமுனை 44 பாகை உயரத்தில் இருப்பதால் பாதிச் சாய்வோடு முடிந்துவிடும். எங்களுக்கு அது 9 பாகைதான். அதாவது 2.5 கிலோ எடையுள்ள கருவி ஏறக்குறையப் படுத்த நிலையில், முக்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கருவியோடு வரும் சிறிய முக்காலியில் அப்படி வைத்தால் கவிழ்ந்துவிடும். கனமான முக்காலியும், அந்த அளவுக்குச் சாயக்கூடிய தலையும், காலில் கட்டித் தொங்கவிட ஒரு மணல் பையும் வேண்டும். எங்கள் வானத்தில் துருவ நட்சத்திரமும் பெரும்பாலும் பனை வடலிக்குப் பின்னால்தான் நிற்கும்.

கிழக்கு, மேற்கு என்று திசை பார்த்து எடுத்தாலே இந்த வருடத்துக்குப் போதுமான படங்கள் கிடைக்கும். நேரத்தைத்தான் தாராளமாகக் கொடுக்க வேண்டும். 4 மடங்கு நேரம் சேர்த்தால் படத்தின் இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோலத் தெரியும் கரடுமுரடு, பாதியாகக் குறையும். 10 நிமிடப் படத்தையும் 40 நிமிடப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியும்.

நெடுங்கேணிப் பிள்ளை

வணக்கம் ரீச்சர். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அயல்வீட்டுச் சிறுவர்களுக்கு இதே வகைத் தொலைநோக்கியில் காட்டி வருகிறேன். சனியைப் பற்றிப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இதன் குவியத் தூரம் 250 மில்லிமீற்றர் மட்டுமே. வளையத்தோடு சேர்த்துச் சனி படத்தில் 20 படப்புள்ளி அகலம்கூட வராது. நீள்வட்டப் பொட்டு ஒன்று தெரியும், அவ்வளவுதான். வியாழனும் சிறியதுதான். ஆனால் அதன் நான்கு பெரிய நிலாக்களும் வரிசையாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கோள்களைப் பெரிதாகப் பார்க்க நீண்ட குவியத் தூரமுள்ள, கண்வில்லை வைத்த சாதாரணத் தொலைநோக்கிதான் ஏற்றது.

முதல் இரவுக்கு நிலவுதான் சிறந்தது. போயா நாள் விடுமுறையாக இருப்பதால் அந்த இரவைத் தெரிவுசெய்யத் தோன்றும். ஆனால் முழுநிலவில் நிழலே விழாது, குழிகள் தட்டையாகத் தெரியும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைக் காட்டுங்கள். குழிகளின் விளிம்பும் மலைகளின் நிழலும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். நெபுலாக்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள்.

சிறுவர்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள்: "அக்கா, இது இணையத்திலிருந்து எடுத்த படமா?" கண்ணை வைத்துப் பார்க்காததால் வரும் நியாயமான சந்தேகம் அது. நான் ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, தொலைநோக்கியின் வாய்க்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொன்னேன். புதிய படம் எதுவும் சேராமல் நின்றது. துணியை எடுத்ததும் மறுபடியும் சேரத் தொடங்கியது. அதன்பிறகு ஒவ்வொருவரும் துணியைப் பிடித்துப் பார்த்தார்கள், நானும் அனுமதித்தேன். முதல் 10 செக்கன் படம் எவ்வளவு மங்கலாக இருக்கிறது, படங்கள் சேரச் சேர எப்படித் தெளிகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்தே காட்ட வேண்டும். முடிந்த படத்தை மட்டும் காட்டினால் சந்தேகம் போகாது.

இன்னொன்று, படத்தைக் காட்டும் முன் வெறுங்கண்ணால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வையுங்கள். கார்த்திகைக் கூட்டம் எது, திருவாதிரை எது என்று பல பிள்ளைகளுக்கு வீட்டில் அம்மம்மா காட்டியிருப்பார். அங்கிருந்து ஓரியனின் இடைவார் நட்சத்திரங்களுக்கு இறங்கி, அதற்குக் கீழே தொங்கும் மங்கல் புள்ளியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாங்கள் கண்ட புள்ளிதான் இப்போது கையிலிருக்கும் திரையில் விரிகிறது என்று தெரிந்தால் படம் அவர்களுடையதாகிவிடும். நெபுலாவின் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஐதரசன் வெளிவிடும் 656 நனோமீற்றர் ஒளியைச் சொல்லுங்கள். கருவியில் அந்த ஒளியையும் ஒட்சிசனின் 500.7 நனோமீற்றர் ஒளியையும் மட்டும் விடும் வடிகட்டி ஒன்று உள்ளேயே இருக்கிறது. செயலியில் ஒரு தொடுகையில் அதைப் போடலாம்.

மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் நாட்டின் மறுமுனைக்குப் போக வேண்டும். உங்கள் மைதானத்தில் 50 மில்லிமீற்றர் கருவி ஒன்று நிற்பதன் பெறுமதி எனக்குத் தெரியும் ரீச்சர். தயவுசெய்து இதை ஒரு நாள் நிகழ்ச்சியோடு நிறுத்திவிடாதீர்கள்.

முல்லைக் கரையோரம்

எல்லோரும் இரவைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் பகலைப் பற்றிச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் பொழுது பட்டால் யானைப் பயம். பெண்பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. அந்தப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது என்றால் சூரியனைக் காட்டுங்கள். கருவியோடு சூரிய வடிகட்டி வந்திருக்கும். முதலில் அதை வாயில் பொருத்தி, இழுத்துப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் செயலியில் சூரியனைத் தெரிவுசெய்ய வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஒரு கணம்கூடச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது; உள்ளே இருக்கும் ஒளியுணரி கருகிவிடும். பிள்ளைகள் திரையைத்தான் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

காலையில் முதல் பாடவேளையில் 10 நிமிடம் போதும். சூரியன் சட்டத்துக்குள் முழுமையாக அடங்கும். கரும்புள்ளிகள் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் வரைந்து இடம் குறிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் அவை நகர்வதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சூரியன் எங்கள் பார்வையில் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது என்பதை அவர்களின் தாள்களிலிருந்தே கணக்கிடலாம். 2019 மார்கழி 26 அன்று கிளிநொச்சியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்ததே, உங்கள் மாணவர்கள் அப்போது சின்னஞ்சிறுவர்கள். 2031 மே 21 அன்று இன்னொரு வளையக் கிரகணம் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடக்கையும் கடக்கிறது. வடிகட்டியைக் கீறல் படாமல் வைத்திருங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசி முதல் சோளகம் பிடித்துவிட்டால் கருவி ஆடும். ஆடிய படங்களைச் செயலி தானே ஒதுக்கிவிடும். அரை மணி நேரம் விட்டாலும் சேர்ந்தது கொஞ்சமாகவே இருக்கும். முக்காலியின் கால்களை நீட்டாமல் தரையோடு தாழ்த்தி, பாடசாலைச் சுவரின் மறைவில் வையுங்கள். மாசியில் காற்றில்லை, பனிதான் தொல்லை. வில்லையை ஈரம் மூடாமல் இருக்க உள்ளே ஒரு சூடாக்கி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அது பற்றரியைத் தின்னும் என்பதால் பவர் பாங்க் ஒன்றை இணைத்தே வையுங்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

அனைவருக்கும் நன்றி. சூரிய அவதானிப்பை அடுத்த கிழமையே காலையில் தொடங்குகிறேன், அதிபர் உடனே சம்மதித்துவிட்டார். துணி பிடிக்கும் சோதனையையும் கட்டாயம் செய்வேன். நிலவு இரவுக்குப் பெற்றோரையும் சேர்த்தே அழைக்கப் போகிறேன். தாய்மாரும் பார்க்கட்டும்.

இடதுகரை அண்ணாவிடம் ஒரு கேள்வி. எங்கள் மைதானத்தின் தெற்குப் பக்கம் முழுவதும் மரங்கள். 21 பாகையில் நிற்கும் கரீனா மறைந்துவிடும். சித்திரை விடுமுறையில் விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரோடு வேறு இடத்துக்குக் கூட்டிப் போக யோசிக்கிறேன். எங்கே நல்லது?

இரணைமடு இடதுகரை

இரணைமடுக் குளக்கட்டுக்கு வாருங்கள் ரீச்சர். கட்டு குளத்தின் வடக்கு முனையில் இருக்கிறது. கட்டில் நின்று தெற்கே பார்த்தால் தண்ணீர்தான். மரமோ கட்டடமோ குறுக்கே இல்லை. கிளிநொச்சி நகரத்தின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தென்சிலுவை அடிவானத்துக்கு மேல் முழுமையாக நிற்பதைக் காணலாம். கரீனா இந்தத் தொலைநோக்கியின் ஒரு சட்டத்துக்குள் அடங்காது, நீளம் 1.3 பாகைக்கும் அகலம் 0.7 பாகைக்கும்தான் இடம் உண்டு. செயலியில் சட்டத்தைப் பெரிதாக்கி இணைத்தெடுக்கும் முறையைத் தெரிவுசெய்து, வடிகட்டியையும் போட்டு, ஒரு மணி நேரமாவது விடுங்கள். தெற்கே தாழ்வாக இருப்பதால் படம் திரும்பும் வேகமும் கட்டுக்குள்தான் இருக்கும்.

நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். இரவில் கட்டில் ஆட்கள் கூடினால் கேட்பார்கள், அது அவர்களின் கடமை. பிள்ளைகளைக் கட்டின் தண்ணீர்ப் பக்கத்துச் சரிவில் இறங்க விடாமல் பெரியவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். வரும் வழியில் வேறு வெளியான காணிகள் கண்ணில் படும். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடம் என்று உறுதியாகத் தெரியாத எதிலும் இறங்க வேண்டாம். தண்ணீர் அருகில் என்பதால் ஈரம் அதிகம். சூடாக்கியைத் தொடக்கத்திலிருந்தே போட வேண்டியிருக்கும், பவர் பாங்க் இரண்டு கொண்டுவாருங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நிலவு எப்போது எழுகிறது என்று நாட்காட்டியில் பார்த்து, நிலவில்லாத முன்னிரவாகத் தெரிவுசெய்து எனக்கு எழுதுங்கள். நானும் என் கருவியோடு வருகிறேன். ஒன்றைக் கரீனாவிலும் மற்றதை ஒமேகா செந்தூரியிலும் விட்டால் பிள்ளைகள் காத்திருக்காமல் இரண்டையும் பார்க்கலாம்.